எது முந்தியோ அது

ஆறாயிரம் கிலோமீட்டர் அல்லது நூற்றெண்பது நாள்,
எது முந்தியோ அது.
அமலதாஸ் விரல் வைத்துப் படித்துக் காட்டினார்.
வழவழப்பான தாளில் எறும்பளவு எழுத்து.
எனக்குக் கிலோமீட்டர்தான் முந்துச்சு என்றேன்.
எப்போதும் அதுதான் முந்தும்.

ஐந்தரைக்குச் செக்காலை ரோடு, ஆறுக்குக் கோட்டையூர்,
பள்ளத்தூரில் வெறும் வயிற்றோடு காத்திருக்கும் இரண்டு சர்க்கரைகள்,
புதுவயல் அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு யூரியா.
எட்டரைக்குள் ஐஸ் பெட்டி காரைக்குடி லேபில் இருக்க வேண்டும்.
முழங்காலை இடித்துக்கொண்டே வரும் அந்தப் பெட்டியோடு
நாளுக்கு அறுபது, சில நாள் எழுபது.
நூற்றெண்பது நாள் என்பது
வெள்ளிக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போகும் வண்டிக்குப் போட்ட கணக்கு.

மூன்றாவது சர்வீஸுக்கு நான் வரவில்லை, உண்மை.
அது காய்ச்சல் மாதம்.
தெருவுக்கு நாலு வீட்டில் தட்டணு எண்ண வேண்டியிருந்தது.
வண்டியை ஒரு பகல் உங்களிடம் விட்டிருந்தால்
நாற்பது பேர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.
ஆயில் மாற்றாமல் இல்லை.
புதுவயல் ஜபருல்லா மாற்றினார், என் கண் முன்னால், புது டப்பா உடைத்து.
ரசீது இதோ, கிழிந்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்.
மணமகன் பெயரில் பாதியும் இருக்கிறது.

அமலதாஸ் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.
"எங்க முத்திரை இல்லையேக்கா."

கோவிலூர் தாண்டி நின்றது வண்டி.
கிரீச் என்று ஒரு சத்தம், பிறகு பின்சக்கரம் சுற்றவே இல்லை.
தவிடு ஏற்றிய லாரி ஒன்று என்னையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டது.
மடியில் ஆறு குழாய்.
லேபை எட்டியபோது மணி ஒன்பதே கால்,
இரண்டு குழாயில் ரத்தம் உடைந்து சிவந்திருந்தது.
ஏற்க முடியாது என்று சீட்டில் எழுதினார்கள்.
அதே வாக்கியம், நாலு நாள் கழித்து, கம்பெனியின் மின்னஞ்சலில்.
பராமரிப்புக் குறைபாடு. நிர்வாகம் வருந்துகிறது.
பதினாலாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய்.

கத்தினேன். கொஞ்சம் அழுதேன்கூட,
அதற்காக இன்னும் என்மேல் கோபம்.
அமலதாஸ் ஏசியின் சத்தத்தைவிடத் தணிந்த குரலில் சொன்னார்:
"மூணு தடவ எழுதிட்டேன். மேல கேக்க மாட்டேங்குறாங்க.
ஆனா கழட்டுன சாமான் உங்க சொத்து.
வாய்விட்டுக் கேளுங்க, நான் தர்றேன்."
கேட்டேன்.
செய்தித்தாளில் பொதிந்து கொண்டுவந்தார்.
ஆயில் பம்பின் பல்சக்கரம். கறுப்புப் பிளாஸ்டிக். ஒரு பல் இல்லை.
உடைந்த இடத்தில் எண்ணெய் பளபளத்தது.
"எண்ணெய் இல்லாம உடையல, பாத்தீங்களா" என்றுவிட்டு
அடுத்த ஆளின் டோக்கனைக் கூப்பிட்டார்.

வீட்டில் சிறுநீர் டப்பா ஒன்றைப் பிரித்து அதைப் போட்டேன்.
மூடியை இறுக்கினேன். லேபிள் எழுதினேன்,
கை தானாக எழுதியது:
பெயர்: சி. உண்ணாமலை. வயது: பதினோரு மாதம்.
எடுத்த நேரம்: மாலை 4.20.
உணவுக்கு முன்னா பின்னா என்ற கட்டத்தை
என்ன செய்வதென்று தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் அந்த டப்பாவை
மேசைமேல் வைத்தபோது எழுத்தர் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.
அதற்குப் பிறகு இரண்டு வாய்தா.
கம்பெனி வக்கீலுக்கு ஒருமுறை உடம்பு சரியில்லை.
வண்டிக்கு நானே கட்டிவிட்டேன், மூன்று தவணை,
ரத்தம் காத்திருக்காது என்பதால்.

இன்று காலை பள்ளத்தூரில் வயிரவன்,
ஆலையில் எடை போடுகிறவர், சட்டைக் கையை மடித்துக்கொண்டே
கேஸ் என்னாச்சு என்றார்.
காப்பி குடிச்சீங்களா என்றேன்.
தரையைப் பார்த்தார்.
"அரை டம்ளர்தான். சக்கர போடாம."

ஊசியைத் திரும்ப உறைக்குள் செருகினேன்.
அரை டம்ளருக்கு என் தாளில் கட்டம் இல்லை.
நாளைக்கு முதல் வீடாக உங்க வீட்டுக்கு வர்றேன், அஞ்சே காலுக்கு,
எழுந்ததும் அடுப்படிப் பக்கம் போகாதீங்க என்றேன்.
என் குரலில் அமலதாஸ் இருந்தார்.
வண்டி ஒரே அழுத்தில் கிளம்பியது.